மலட்டுப் பட்டத்தோடு சந்தைக்குப் போகும் மாடுகள்

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், தலைவாசல் பக்கத்து ஊர்களில் நான் பார்த்தவரை, நல்ல கறவை மாடு வீட்டை விட்டுப் போவது பெரும்பாலும் வயதாலோ நோயாலோ அல்ல. சினை ஊசி, அதாவது செயற்கைமுறைக் கருவூட்டல், போட்டும் சினை நிற்கவில்லை என்பதால்தான். "மூணு ஊசி போட்டாச்சு, நிக்கல" என்று யாரிடமாவது சொன்னால் போதும், அந்த வாரத்துக்குள் தரகர் வாசலில் வந்து நிற்பார். பாதி விலைக்குக் கேட்பார். வாங்கிப் போகிற மாடு எங்கே போகும் என்று அவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். மூன்றாவது ஈத்தில் இருக்கும் மாடு, இன்னும் நான்கைந்து ஈத்து பால் கொடுக்க வேண்டியது, அடிமாடாக லாரி ஏறும்.

எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்தே மாடு உண்டு. மக்காச்சோளமும் குச்சிக்கிழங்கும் கைவிட்ட வருடங்களில் பால் பணம்தான் பள்ளிக் கட்டணம் கட்டியிருக்கிறது. அதனால் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வருடக்கணக்கில் படித்துவந்திருக்கிறேன், டாக்டர்களிடம் கேட்டும் வந்திருக்கிறேன். அதிலிருந்து எனக்கு உறுதியானது இதுதான்: மலடு என்று நாம் விற்கும் மாடுகளில் மிகப் பல மலடே இல்லை. ஏன் நிற்கவில்லை என்று கண்டுபிடிக்கும் வழிகளை ஆராய்ச்சி எப்போதோ கொடுத்துவிட்டது. அவை தொழுவத்துக்கு வந்து சேரவில்லை.

முதலில் நேரம். பசு சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்; 18 முதல் 24 நாள்வரை முன்பின் இருக்கலாம். பருவம் நீடிப்பது 12 முதல் 18 மணி நேரம். பலரும் கவனிக்காத ஒன்று, கத்தலும் வழும்பும் (பிறப்புறுப்பிலிருந்து வழியும் சளி போன்ற திரவம்) இருக்கும்போது சினைமுட்டை இன்னும் வெளியே வந்திருக்காது என்பது. பருவ அறிகுறிகள் அடங்கி ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் சினைப்பையிலிருந்து முட்டை வரும். வந்த முட்டைக்கு ஆயுள் சில மணி நேரமே. விந்தணுவுக்கோ உள்ளே போனவுடன் கருவூட்டும் திறன் கிடையாது. பெண் விலங்கின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த பிறகுதான் அது தயாராகும். 1951-ல் அமெரிக்காவில் எம்.சி. சாங், ஆஸ்திரேலியாவில் சி.ஆர். ஆஸ்டின் என்ற இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் கண்டுபிடித்த உண்மை இது.

இதை எல்லாம் கணக்கில் எடுத்தால் ஊசி போடுவதற்கு ஏற்ற நேரம் ஒன்று கிடைக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் என்பவர் முட்டை வெளிவரும் நேரத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல இடைவெளிகளில் ஊசி போட்டுப் பார்த்து, 1948-ல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் நிற்கிறது. காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. பருவம் என்றால் இங்கே முதல் கத்தல் அல்ல. இன்னொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்கிற நிலை. ஒற்றை மாடு கட்டியிருக்கும் வீட்டில் தாவ யார் இருக்கிறார்கள்? அங்கே கண்ணாடியாகத் தொங்கும் வழும்பு, அடிக்கடி சிறுநீர், தீனியில் மனம் போகாமை, திடீரென்று குறையும் பால் இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல மாடுகள் பருவத்தைக் காட்டுவது விடியற்காலையிலும் இரவிலும். அதைப் பார்ப்பது யார்? பால் கறக்க நான்கு மணிக்கு எழுந்திருக்கும் பெண்கள். என் கணக்கில் இந்தத் துறையின் முதல் ஆய்வாளர்கள் அவர்கள். ஆனால் ஊசி போட வருபவர் கேட்பது வீட்டு ஆம்பளையிடம். "எப்ப கத்துச்சு?" "காலையில இருந்து கத்துதுங்க." நேற்று ராத்திரியே வழும்பு அடித்ததைப் பார்த்த அம்மா அடுப்படியில் இருப்பார்.

அப்புறம் குச்சி, அதாவது உறைவிந்து அடைத்த மெல்லிய குழல். 1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கைமுறைக் கருவூட்டல் செய்தபோது உறைவிந்து என்ற ஒன்றே கிடையாது. எடுத்த விந்து கெடுவதற்குள் பயன்படுத்தியாக வேண்டும். உறைய வைத்தால் பனித்துகள் உருவாகி விந்தணுவைச் சிதைத்துவிடும். அதற்கு வழி கிடைத்தது 1949-ல், இங்கிலாந்தில், ஒரு தற்செயலில். போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு புட்டியில் இருந்த கரைசலில் மட்டும் விந்தணுக்கள் உயிரோடு எழுந்தன. சோதித்துப் பார்த்தால் அது சர்க்கரைக் கரைசலே இல்லை; லேபிள் மாறிய புட்டி, அதில் இருந்தது கிளிசரின். இன்று மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும் ஒவ்வொரு குச்சியும் அந்தப் புட்டியின் வழி வந்ததுதான். காளை செத்துப் பல வருடம் ஆன பிறகும் அதன் கன்று பிறக்கிறது.

ஆனால் அந்தக் குளிரிலிருந்து மாட்டுக்குள் போகும் கடைசி சில நிமிடங்களில் எல்லாம் கெட்டுப்போகலாம். குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து உருக்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு டம்ளர் வெந்நீரும் போதும். உள்ளங்கையில் உருட்டுவது, சட்டைப்பையில் வைத்து அடுத்த வீட்டுக்கு வண்டியில் போவது, வெயிலில் பிடிப்பது எல்லாம் நடக்கிறது. நைட்ரஜன் கேனின் வாய்க்கு மேலே குச்சியைத் தூக்கிப் பார்த்து, "இது இல்ல, வேற" என்று திரும்ப உள்ளே விடுவதும் நடக்கிறது. அந்தச் சில நொடிகளில் அது கெட்டிருக்கும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அடுத்த வாரம் அதே குச்சி வேறு யாருடைய மாட்டுக்கோ போகும். அந்த மாட்டுக்கும் மலட்டுப் பட்டம் கிடைக்கும். எல்லாரும் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல கைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் மாட்டுக்காரர் "வெந்நீர் வைக்கட்டுங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சரி, நேரமும் குச்சியும் சரியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 21-ம் நாள் மாடு திரும்பக் கத்தலாம். அதற்கு அர்த்தம் கருவே உண்டாகவில்லை என்பதல்ல. ஆரோக்கியமான பசுக்களில் பெரும்பாலான முட்டைகள் கருவாகிவிடுகின்றன. அதில் கணிசமானவை முதல் சில வாரங்களுக்குள் அழிகின்றன. யாருக்கும் தெரியாமல், ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல். இந்தத் துறையில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இது.

முட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் மஞ்சளாக ஒரு கட்டி உருவாகும். அதுதான் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரந்து கருப்பையை அமைதியாக வைத்திருக்கும். கரு இல்லை என்றால் ஏறக்குறைய 16, 17-ம் நாளில் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோனை அனுப்பி அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். மாடு மறுபடி பருவத்துக்கு வரும். கருப்பைக்கும் அந்தக் கட்டிக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு என்பது 1923-லேயே தெரிந்தது. கினிப்பன்றிகளின் கருப்பையை எடுத்துவிட்டால் அந்தக் கட்டி கரையாமல் நீடிக்கிறது என்று லியோ லோப் காட்டினார். சரி, கரு இருக்கிறது என்று கருப்பைக்கு யார் சொல்வது? கருவேதான் சொல்கிறது. பதின்மூன்றாம் நாள்வாக்கில் சில மில்லிமீட்டர் இருந்த கரு, அடுத்த நான்கைந்து நாளில் நூலாக நீண்டு ஒரு சாண் அளவுக்கு வந்துவிடும். அந்த நீளம் முழுவதிலிருந்தும் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கும். அது கருப்பைக்குக் கிடைத்தால் கட்டி காப்பாற்றப்படும். வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்த புரதம் இது என்று 1987-ல் தெரியவந்தது. கரு சரியாக வளராமல் அந்தச் செய்தி மெலிந்து போனால், கருப்பை காத்திருக்காது. கட்டியைக் கரைத்துவிடும்.

ஆக, மூன்று முறை திரும்பிய மாட்டுக்குள் மூன்று முறை கரு இருந்திருக்கலாம். அந்தக் கரு ஏன் மெலிந்தது என்பதுதான் கேள்வி.

சேலத்தில் அதற்கு முதல் பதில் வெயில். கேனுக்குள் இருக்கும் உறைவிந்துக்கு வெயில் படுவதில்லை. முட்டைக்கும் கருவுக்கும் படுகிறது. கருவுற்ற முதல் இரண்டு மூன்று நாள்தான் கரு வெப்பத்தைத் தாங்கவே முடியாத காலம். அந்த நாள்களில் மாட்டின் உடல்சூடு ஏறினால் போதும். அதைவிட மோசமானது, முட்டை சினைப்பைக்குள் வளர்ந்துவரும் காலத்தில் பட்ட சூடு. கத்திரி முடிந்து மழை பெய்து, மாடு நன்றாக மூச்சுவிட ஆரம்பித்த பிறகும் இரண்டு மூன்று பருவச் சுற்றுக்கு அதன் பாதிப்பு இருக்கும். சித்திரையில் வெந்த முட்டைக்கு ஆடியில் பழி. ஏற்காட்டின் குளிரில் நிற்கும் மாட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது; அடிவாரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நிற்கும் அதே ஜெர்சிக் கலப்புக்கு உண்டு. நாட்டு மாடுகளின் கரு, சீமை மாட்டின் கருவைவிட வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆலம்பாடி, பர்கூர் மாடுகளை வெறும் ஏர்மாடுகளாகப் பார்த்தவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். கலப்பு மாடு வைத்திருப்பவர் செய்யக்கூடியது எளிது: வேப்ப மரம், மதியம் முதுகில் தண்ணீர், ஓலைக் கொட்டகை, முடிந்தால் ஒரு மின்விசிறி. ஊசி போட்ட முதல் வாரத்திலாவது வெயிலில் மேய விடாமல் இருப்பது. எருமைக்கு வெயிலில் வேறு கதை. கோடையில் அது பருவத்தை வெளியே காட்டுவதே குறைவு; காட்டினாலும் இரவில் காட்டும்.

இரண்டாவது பதில் தீனி. எங்கள் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் அதிகம். அங்கிருந்து வரும் கிழங்குச் சக்கையான திப்பியை மாடு விரும்பித் தின்னும், விலையும் குறைவு. ஆனால் அது மாவு. புரதம் மிகக் குறைவு. திப்பியும் சோளத்தட்டும் மட்டும் தின்னும் மாடு, கன்று போட்ட பிறகு தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். பத்து லிட்டர் கறக்கும், இடுப்பெலும்பு துருத்தும். உடம்பு கரைந்துகொண்டிருக்கும்போது மூளை சினைப்பைக்குச் சமிக்ஞை அனுப்பாது. இந்த மாடு ஏன் பருவத்துக்கு வரவில்லை என்று கேட்டால், தனக்கே சோறு போதாதபோது இன்னொரு உயிரைச் சுமக்க உடம்பு சம்மதிக்கவில்லை என்பதுதான் பதில். அது நோயல்ல. கடலைப் பிண்ணாக்கு, பசுந்தீவனம், தாது உப்புக் கலவை கொடுத்துப் பார்க்க வேண்டும். பருவத்தை மருந்தால் வரவழைக்கும் முறை ஒன்று 1995-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உருவானது: ஒரு ஹார்மோன் ஊசி, ஏழாம் நாள் புரோஸ்டாகிளாண்டின், இரண்டு நாள் கழித்து மறுபடி முதல் ஹார்மோன், பிறகு முக்கால் நாளுக்குள் சினை ஊசி. பருவத்தைக் கண்ணால் பார்க்கவே வேண்டியதில்லை. இப்போது நம் டாக்டர்களும் செய்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் பட்டினி மாட்டுக்கு இதைப் போட்டுவிட்டு நிற்கவில்லை என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

மூன்றாவது, நஞ்சுக்கொடி. இதைப் பக்கத்துக் காட்டு அத்தையின் மாட்டை வைத்துச் சொல்கிறேன். கன்று போட்ட பிறகு கொடி விழவில்லை. கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதுவும் சரிவராமல் ஒருவர் கையை விட்டு இழுத்தார். மாட்டின் கருப்பையில் கொடி ஒரே இடத்தில் ஒட்டியிருப்பதில்லை. எழுபது முதல் நூற்றுக்கு மேற்பட்ட திட்டுகளில் தனித்தனியாகப் பற்றியிருக்கும். இழுத்தால் கிழியும். கிழிந்தது உள்ளேயே அழுகும். அந்த மாடு பிறகு ஒழுங்காகவே பருவத்துக்கு வந்தது, வழும்பும் வந்தது, ஊசியும் போட்டார்கள், ஒவ்வொரு தடவையும் திரும்பியது. தரகர் விலை பேசிவிட்டார். "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வித்துடுங்க அத்தை" என்று நான் சொன்னேன். டாக்டர் வழும்பை எடுத்துக் காரக் கரைசலோடு சேர்த்துச் சூடுபடுத்தினார். மஞ்சளாக மாறியது. கருப்பையில் கண்ணுக்குத் தெரியாத அழற்சி. மருந்து கொடுத்து, வந்த அடுத்த பருவத்தில் ஊசி போடாமல் விடச் சொன்னார். அதற்கடுத்த பருவத்தில் போட்ட ஊசி நின்றது. கெடேரிக் கன்று (பெண் கன்று) பிறந்தது. அத்தை இன்னும் அந்த மாட்டின் பாலைத்தான் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். கொடி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இழுக்காதீர்கள்.

பிறவியிலேயே மலடு என்பதும் உண்டு. இரட்டைக் கன்று பிறந்து ஒன்று காளை, ஒன்று கெடேரி என்றால், அந்தக் கெடேரி பத்தில் ஒன்பதுக்கு மேல் சினையாகாது. வயிற்றுக்குள் இரண்டின் ரத்த ஓட்டமும் இணைந்து, காளைக் கன்றின் ஹார்மோன்கள் கெடேரியின் உறுப்புகளை வளரவிடாமல் செய்துவிடுகின்றன. இதை ஃபிராங்க் லில்லி 1916-ல் விளக்கினார். அந்தக் கன்றை இரண்டரை வருடம் வளர்த்து ஏமாறாமல் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்டவை மிகக் குறைவு.

பழி எப்போதும் பெண் விலங்கின் மேல் விழுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வீரகனூர் சந்தையில் "இது ரெண்டு சீசனா ஈனல" என்று சொல்லி விற்கப்படும் பெட்டைகளைப் பார்த்திருக்கிறேன். மந்தையின் பொலிகிடாவை யாரும் சந்தேகப்படுவதில்லை. கிடாவின் விதைப்பை உடல்சூட்டைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். சித்திரையில் கிடாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தால், ஆனி மாதம் அது துள்ளிக் குதித்துப் பெட்டைகளைச் சேரும், ஒன்றும் சினையாகாது. நாம் பெட்டையை விற்போம். செம்மறிக்கு மாட்டைப்போல வீட்டுக்கு வீடு குச்சி ஊசி போடவும் முடியாது. அதன் கருப்பை வாயில் மடிப்பு மடிப்பாக வளையங்கள் இருப்பதால் குழல் உள்ளே போவதில்லை. வயிற்றில் சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப் வழியாக நேரே கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் முறை 1980-களில் ஆஸ்திரேலியாவில் வந்தது. அது பண்ணைகளுக்குச் சரி, நம் பட்டிக்கு ஆகாது. அதனால் நல்ல கிடாதான் வழி. பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேச்சேரி ஆட்டை, அந்த வெளிர் பழுப்பு நிறத்தையும் பெயர்பெற்ற தோலையும், கலப்பில் கரையவிடாமல் காப்பதில் அதன் பங்கு பெரியது. மந்தைக்குக் கிடா தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைப் பார்ப்பதோடு விதைப்பையின் சுற்றளவையும் பார்க்கச் சொல்கிறார்கள் விஞ்ஞானிகள். ஒரு நூல் கயிறு போதும் அளக்க.

2021-ல் தலைவாசல் கூட்டுரோட்டில் ஏறக்குறைய 1,100 ஏக்கரில் ஒருங்கிணைந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேயே வந்தது. பேருந்தில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆசை வரும். ஸ்கேன் வைத்து 30 நாளில் சினை பார்க்கும் வசதி, வழும்புச் சோதனை, கிடாக்களின் விந்துப் பரிசோதனை இவை மூன்றும் சுற்றுவட்ட ஊர்களுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வந்தால் எத்தனை மாடுகள் லாரி ஏறாமல் தப்பும்! கத்தவில்லை என்பதற்காகச் சினை என்று நம்பி ஆறு மாதம் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சினை மாடே சில நேரம் கத்தும். அதற்கு மறுபடி ஊசி போட்டுக் கருவைக் கலைத்த கதைகளும் தெரியும். 30 நாளில் ஸ்கேன், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் டாக்டர் கைவிட்டுப் பார்ப்பது, இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. கன்று போட்ட தேதி, கொடி விழுந்த நேரம், ஒவ்வொரு பருவமும் வந்த தேதியும் மணியும், ஊசி போட்ட மணி, வழும்பின் நிறம். டாக்டர் வந்தால் முதலில் இதைக் கையில் கொடுங்கள். 21 நாளுக்கு ஒழுங்காகத் திரும்புகிறதா, 35, 40 நாள் என்று தள்ளிப்போகிறதா என்பதை வைத்தே அவர் பாதி ஊகித்துவிடுவார். தள்ளிப்போனால் கரு உண்டாகிச் செய்தி சொன்ன பிறகு அழிந்திருக்கலாம், அல்லது நடுவில் ஒரு பருவத்தை நாம் தவறவிட்டிருக்கலாம்.

ஊசி போட்டு முடித்த காலிக் குச்சியைத் தூக்கிப்போட விடாதீர்கள். அதில் காளையின் எண்ணும் உறைய வைத்த விவரமும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே காளையின் விந்து வருடக்கணக்கில் ஒரே பகுதிக்கு வந்துகொண்டிருக்கலாம். இன்று ஊசி போடும் கெடேரிக்கு அதே காளைதான் அப்பாவாக இருந்தால், நெருங்கிய ரத்தக் கலப்பால் கரு நிற்பதும் பிறக்கும் கன்றின் உடல்நலமும் குறையும். தாய்க்குப் போட்ட எண் நோட்டில் இருந்தால், மகளுக்கு ஊசி போட வருபவரிடம் "இந்த நம்பர் வேண்டாங்க, வேற எடுங்க" என்று சொல்லலாம்.